லாடம் அடித்தவரும் கண்டி வீதியும்



வரலாற்றுப் பாடத்தில் கொழும்பு–கண்டி வீதி வரும்போது நாங்கள் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பது நாலைந்து பெயர்தான். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ், கப்டன் டோசன், கடுகண்ணாவைக் கணவாய், கோப்பி, 1867 இல் கண்டிக்கு வந்த புகையிரதம். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் திருப்பி எழுதுவார்கள், புள்ளியும் கிடைக்கும். இந்தத் தடவை அந்தப் பாடம் முடிந்த மறுநாள் ஒரு பிள்ளை பத்திரிகைத் தாளில் சுற்றி ஒரு இரும்புத் துண்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது. பழைய வீட்டை உடைக்கும்போது சுவரடியில் கிடந்ததாம். "சேர், இது என்ன?"

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு மெல்லிய தகடு. ஒரு பக்கம் வளைவு, மறுபக்கம் கிட்டத்தட்ட நேர். வளைந்த ஓரத்தில் மட்டும் துளைகள். பூட்டின் பாதி என்றது ஒரு பிள்ளை. கதவுக் கீல் என்றது இன்னொன்று. லாடம் என்று நாங்கள் சொன்னதும் ஒருவரும் நம்பவில்லை. படத்தில் பார்த்த லாடம் பிறை மாதிரி இருக்குமே! அது குதிரையுடையது, இது மாட்டுடையது. குதிரைக்குக் குளம்பு ஒன்று, மாட்டுக்கு அது இரண்டாகப் பிளந்திருக்கும். அதனால் ஒரு காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு, கரத்தையில் பூட்டும் ஒரு சோடிக்குப் பதினாறு. சிங்களத்திலும் இதற்கு லாடம என்றுதான் பெயர்.

அன்றிலிருந்து இந்தத் தகட்டைப் பற்றிப் படித்ததையும் கேட்டதையும்தான் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாடும் பாரமும் கண்டி முஸ்லிம்களின் வரலாற்றில் அடிப்படையான விடயம். கண்டி இராச்சியத்தில் மடிகே பத்த என்று ஒரு பிரிவு இருந்தது. அரசனின் பொதிமாட்டுப் போக்குவரத்து அதன் பொறுப்பு. அதில் ஊழியம் செய்தவர்களில் நம்மவர் கணிசமானோர். மலைநாட்டுப் பாக்கு கீழே இறங்கும், உப்பும் கருவாடும் மேலே ஏறும். மாட்டின் முதுகில் இருபுறமும் பொதி தொங்க, வரிசையாகக் காட்டுப் பாதையில் போகும் அந்தக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். கலகெதரப் பக்கத்து மடிகே, குருநாகல் மாவட்டத்து மடிகே மிதியால என்று இன்றும் ஊர்ப் பெயரில் அந்த ஊழியம் நிற்கிறது. அந்த ஊர்க்காரர்கள் இதை வாசித்தால் தங்கள் பெயருக்குள் எத்தனை மாடு நடந்திருக்கிறது என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

தவள மாடு நடந்தது மண்ணிலும் இலைச்சருகிலும். பிரித்தானியர் 1815 இல் கண்டியைப் பிடித்தபின், 1820 களில் பார்ன்ஸின் காலத்தில் கொழும்பிலிருந்து 72 மைல் வீதி மலையேறி வந்தது. வீதியை அமைத்த டோசன் 1829 இல் இறந்துபோனார். கடுகண்ணாவையில் பஸ் திரும்பும்போது நாம் பார்க்கும் அந்த உயரமான கோபுரம் அவர் நினைவாக 1832 இல் எழுப்பியது. அதே 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. அடுத்த வருடம் பேராதெனியவில் மகாவலிக்குக் குறுக்கே முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் ஒன்று வந்தது. ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். ஆணியில்லாத அந்தப் பாலத்தின் மேல் எத்தனை ஆணி நடந்திருக்கும் என்பது நம் கதை.

வீதி வந்தது, பின்னாலேயே கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பி மூட்டைகள் கரத்தையில் கொழும்புக்குப் போயின. திரும்பும்போது தோட்டத்துக்கு அரிசியும் சாமானும் ஏறின. கரத்தைத் தொழிலில் கரையோரச் சிங்களவர் பெரும் பங்கெடுத்தார்கள், நம்மவரும் இருந்தார்கள். ஆனால் இப்போது மாடு மிதித்தது கல். உடைத்த கருங்கல்லைப் பரப்பி இறுக்கிய வீதி அது. மாட்டுக் குளம்பு மாதத்துக்கு அரை சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். பாரத்தோடு கல்லில் நடந்தால் வளர்வதைவிட வேகமாகத் தேயும். தேய்ந்து அடியின் மெல்லிய பகுதி தரையில் பட்டுவிட்டால் மாடு நடக்காது. ஆகவே வீதிக்கு லாடம் வேண்டும், லாடத்துக்கு ஆள் வேண்டும். பார்ன்ஸின் பெயர் தெரியும், டோசனின் பெயர் தெரியும். லாடம் அடித்த ஒருவரின் பெயரையாவது நாங்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

அந்த வேலை எப்படி நடந்தது என்று ஊரில் எண்பது தாண்டிய ஒரு பெரியவரிடம் போய்க் கேட்டோம். சின்ன வயதில், கரத்தைகள் இரவு தங்கும் காலையில் அவர் இதைப் பார்த்திருக்கிறார். பார்த்தது மட்டுமல்ல, மாட்டின் தலையைப் பிடித்து, கண்ணை ஒரு சாக்கால் மூடிக்கொண்டு நிற்பது அவருடைய வேலையாம்.

குதிரையை நிற்கவைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கி அடிக்கலாம். மாட்டை அப்படிச் செய்வது கஷ்டம், சாய்த்துத்தான் ஆகவேண்டும். கயிற்றைக் கழுத்தடியில் கட்டி, நெஞ்சைச் சுற்றி ஒரு சுருக்கு, பின்வயிற்றைச் சுற்றி ஒரு சுருக்கு போட்டுப் பின்னால் இழுத்தால் மாடு முரண்டுபிடிக்காமல் கால் மடங்கிப் படுத்துவிடும். அடிக்கிறதும் இல்லை, தள்ளுகிறதும் இல்லை. கீழே வைக்கோல் போட்டிருப்பார்கள். நாலு காலையும் சேர்த்துக் கட்டியபின் பழைய தகட்டைக் குறட்டால் கழற்றி, வளர்ந்த குளம்பை உளியால் சீவி, புதுத் தகட்டைச் சுத்தியலால் தட்டி அந்தக் குளம்பின் வளைவுக்குக் கொண்டுவந்து, ஆணி அடிப்பார்கள். ஆணி குளம்பின் ஓரச் சுவருக்குள் சாய்வாக ஏறி வெளிப்பக்கமாக முனை நீட்டும். அந்த முனையை முறித்து, மடக்கி, அரத்தால் ராவிவிட்டால் ஒரு தகடு முடிந்தது.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டோம். பெரியவர் சிரித்தார். "மாடு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான்" என்றார்.

இதை விளக்கச் சொன்னோம். அசைபோடும் பிராணி பக்கவாட்டில் நெடுநேரம் கட்டுண்டு கிடந்தால் வயிற்றில் வாயு தேங்கி ஊதிவிடும். மூச்சு முட்டும், செத்தும் போகலாம். அதனால் தீனி தின்ற மாட்டை நல்ல தொழிலாளி தொடவே மாட்டாராம். வெறும் வயிற்றோடு விடியற்காலையில் கொண்டுவரச் சொல்வாராம். கரத்தைக்காரரோ வழியில் நிற்கிறவர், நேரம் போகிறவர். "இப்பதான் கொஞ்சம் வைக்கோல் போட்டேன், பரவாயில்லை, அடி" என்பார். அங்கேயே சண்டை தொடங்கும்.

இங்கேதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. வேகமாகச் செய்தால் வேலை கெடும், மெதுவாகச் செய்தால் நன்றாக வரும் என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்கை வைத்திருக்கிறோம். மாட்டு லாடத்தில் மெதுவும் ஒரு கெடுதல். நிதானமாக, அழகாக, ஒரு மணித்தியாலம் இழுத்தடித்து அடித்தால் தகடு நன்றாக இருக்கும், மாடு போய்விடும். குர்பானிக்குக் கத்தியைத் தீட்டச் சொல்வது எதற்காக என்று நமக்குத் தெரியும். அறுப்பது சட்டென்று முடியவேண்டும், அந்த உயிர் வதைபடக் கூடாது. அங்கே வேகம்தான் இரக்கம். லாடத்திலும் பாதி அப்படித்தான்.

மற்றப் பாதி நேர் எதிர். பெரியவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறோம்: "கட்டுறதும் அவுக்குறதும் வேகமா செய்யோணும். பழைய தகட்டக் கழட்டுறதும் வேகம். சீவக்குள்ளயும் ஆணி அடிக்கக்குள்ளயும் மட்டும் ஆரு கத்தினாலும் காதுல போடப்போடாது."

ஏன் என்றால், மாட்டுக் குளம்பின் சுவர் குதிரையுடையதைவிட மெல்லியது. ஆணி போகக்கூடிய செத்த பகுதி ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. அதற்கு உட்பக்கம் இரத்தமும் நரம்பும். தகட்டில் துளைகள் வெளி ஓரத்தில் மட்டும் இருப்பது அதனால்தான். ஆணி நேரே உயிர்ச்சதைக்குள் போனால் உடனே தெரிந்துவிடும். மாடு துடிக்கும், இரத்தம் வரும். ஆணியைப் பிடுங்கி மருந்து போடலாம். பயங்கரமானது மற்றது. ஆணி சதையைத் தொடாமல், அதன் ஓரத்தை நெருக்கிக்கொண்டு ஏறிவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. மாடு எழும்பி நடக்கும், கரத்தைக்காரர் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். நடக்க நடக்க அந்த இடம் அழுத்துப்பட்டு, இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும். சிலவேளை சீழ் பிடிக்கும். கைதேர்ந்தவருக்கு ஆணி போகும் வழி சத்தத்திலேயே தெரியும். கெட்டியான குளம்பில் ஏறும் ஆணியின் சத்தம் ஒன்று, மெதுவான பக்கம் திரும்பிய ஆணியின் சத்தம் வேறொன்று. அந்தச் சத்தம் காதில் விழவேண்டும் என்றால் அடிக்கும் கை ஒரு கணம் நிற்கவேண்டும். அந்த ஒரு கணத்தைத்தான் அவசரம் முதலில் தின்னும்.

கூலியோ மாட்டுக்கு இவ்வளவு என்றுதான், நாளுக்கு இல்லை. வரிசையில் எட்டு மாடு நின்றால் எட்டையும் முடித்தால்தான் எட்டு மாட்டுக் காசு. நாங்கள் இதை வகுப்பில் கணக்காகவே போட்டோம். தகட்டுக்கு மூன்று ஆணி என்றே வையுங்கள், ஒரு மாட்டுக்கு 24, எட்டு மாட்டுக்கு 192. நாலு ஆணி என்றால் 256. சுமாராக ஒரு நாளைக்கு 200 ஆணி. அதில் ஒன்றே ஒன்று பிழைத்தால் 99.5 சதவீதம் சரி. சாதாரண தரத்தில் 35 எடுத்தால் சித்தி என்று சொல்லிப் பழகியவர்கள் நாங்கள். 99.5 எடுத்த பிள்ளைக்கு மேடையில் பரிசு கொடுப்போம். இந்தத் தொழிலில் 99.5 எடுத்தவருக்கு ஒரு மாடு நொண்டும். கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது. எங்களுக்கும் மேசையில் குவிந்திருந்த, அவசரமாகச் சரி போட்ட கொப்பிகள்தான் கண்ணில் பட்டன.

நொண்டுவது எங்கே என்பதையும் பாருங்கள். கண்டியில் அடித்த ஆணி இரண்டு நாள் கழித்து மாவனல்லைப் பக்கம் வேலையைக் காட்டும். அங்கே என்ன இருக்கிறது? உதுவன்கந்த. கரத்தைகளைக் கொள்ளையடித்த சரதியலின் மலை. அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்கார் நம்மவர்தான். அதை மறைக்கவும் வேண்டாம். 1864 மார்ச் 21 இல் அவர்களைப் பிடிக்கப்போன சபான் என்ற மலாய்க் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். இன்று பொலிஸார் நினைவுகூரும் அந்த நாள் அதுதான். சுட்டதும் முஸ்லிம், செத்ததும் முஸ்லிம். அதே வருடம் மே மாதம் சரதியலும் மம்மலேயும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். இந்தக் காலத்தில் கரத்தைகள் கூட்டமாகப் போனதற்குக் காரணம் துணை. நொண்டும் மாட்டோடு ஒருவர் பின்தங்கினால் துணை போய்விடும், தனிக் கரத்தை, தனி ஆள், உதுவன்கந்தைக்குக் கீழே இரவு. கண்டியில் ஆணி அடித்தவருக்கு இது தெரியவே வராது. அவர் அப்போது வேறொரு மாட்டுக்கு அடித்துக்கொண்டிருப்பார்.

பிழை செய்தவர் ஓரிடத்தில், வலி வேறொரு இடத்தில், வலிப்பதோ வாயில்லாத ஒன்று. இப்படிப்பட்ட வேலையை யார் கண்காணிப்பது? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி மிகப் பழையது. திறமையில்லாதவர்கள் லாடம் அடித்துக் குதிரைகளைக் கெடுக்கிறார்கள் என்ற முறைப்பாட்டின் பேரில் 1356 இலேயே லண்டன் நகரில் இந்தத் தொழிலாளருக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்றும் அங்கே 1975 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாதவர் குதிரைக்கு லாடம் அடிக்க முடியாது. அமெரிக்காவில் ஹென்றி பேர்டன் என்பவர் 1835 இல் லாடம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்து, பிற்பாடு அதைத் திருத்தி நிமிடத்துக்கு 60 லாடம் வெளித்தள்ள வைத்தார். இரும்பை வளைப்பதற்கு இயந்திரம் வந்துவிட்டது. அந்த இரும்பை உயிருள்ள காலில் பொருத்துவது கையின் வேலையாகவே நின்றது. நம் நாட்டில் 1907 இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. நோயோ காயமோ உள்ள, வேலைக்குத் தகுதியில்லாத மிருகத்தை வேலை வாங்குவது அதன்படி குற்றம். நொண்டும் மாட்டைப் பூட்டிய கரத்தைக்காரரைப் பொலிஸ் பிடிக்கலாம். இரண்டு நாள் முன்னால் அவசரமாக ஆணி அடித்தவரைத் தேடி யார் போவது!

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஊர்க் கூட்டங்களில் முன்னோரைப் பற்றிப் பேசினால் அரபுக் குதிரை வியாபாரம் கட்டாயம் வரும். உண்மைதான். 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹோர்முஸ், கிஷ், ஏடன் துறைமுகங்களிலிருந்து காயலுக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாண்டியர் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருப்பதன்படி, கடலில் செத்த குதிரைக்கும் சேர்த்தே பாண்டியர் பணம் கொடுத்தார்கள். அதே காலத்தில் அந்தக் கரையைப் பார்த்த மார்க்கோ போலோ இன்னொன்றும் எழுதுகிறார். அந்த நாட்டில் குதிரைக்கு லாடம் அடிக்கவும் பராமரிக்கவும் தெரிந்தவர்கள் இல்லையாம். குதிரை வியாபாரிகள் அப்படிப்பட்ட தொழிலாளிகளை அங்கே போகவும் விடவில்லையாம். குதிரைகள் சீக்கிரம் செத்தால்தானே அடுத்த வருடமும் விற்கலாம்.

போலோ சொன்னதெல்லாம் அப்படியே உண்மையென்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்று அவரே எழுதுகிறார். வெக்கையும் சேர்ந்தால் குதிரை சாவதற்கு வியாபாரியின் சூழ்ச்சி தேவையில்லை. ஆனாலும் அந்தக் குற்றச்சாட்டின் உள்ளே ஒரு விடயம் இருக்கிறது. ஆயிரம் குதிரை வந்திறங்கிய துறைமுகத்தில் குறைவாக இருந்தது குதிரை அல்ல, பணமும் அல்ல. குளம்பைக் கையில் பிடித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர்தான். நாம் மேடையில் பெருமை பேசுவது குதிரையை விற்றவரைப் பற்றி. ஆதியாத் சூராவில் குளம்பில் பொறி பறக்க ஓடும் குதிரைகளைச் சின்ன வயதிலேயே மனனம் செய்கிறோம், அந்தக் குளம்பைப் பார்த்துக்கொண்டவரைப் பற்றி நமக்கு ஒரு பேச்சும் இல்லை.

அந்தப் பெரியவரிடமும் இதைக் கண்டோம். லாடம் அடித்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டதும், அதுவரை விறுவிறு என்று பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்து, "எங்கட சொந்தத்துக்குள்ளதான்" என்றார். பிறகு, பேரப்பிள்ளைகள் எல்லாம் பெரிய படிப்புப் படிக்கிறார்கள், கலியாணப் பேச்சும் நடக்கிறது, அதனால் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை. ஆனால் மனம் கனத்துத்தான் வீடு வந்தோம். ஒரு நாளைக்கு 200 ஆணி அடித்து, மாடு தாங்கும் நேரத்துக்குள் முடித்து, எது வேகம் எது நிதானம் என்று கைக்குள் வைத்திருந்த மனிதர். அவருடைய பெயரைச் சொன்னால் கலியாணம் குழம்பும் என்று அவருடைய சொந்தமே பயப்படுகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். புகையிரதம் 1867 இல் கண்டிக்கு வந்ததும் கொழும்புக்குப் போன நெடுந்தூரக் கரத்தைகள் குறைந்தன. 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் தென்பட்டு, அடுத்த சில வருடங்களில் கோப்பியே போய்த் தேயிலை வந்தது. ஆனாலும் தோட்டத்திலிருந்து ஸ்டேசனுக்கும், ஸ்டேசனிலிருந்து கடைக்கும் கரத்தைதான் ஓடியது. அதனால் லாடமும் ஓடியது. பிறகு லொறி வந்தது. பெரியவர் கடைசியாகப் பார்த்த லாடத்தில், வரிசையில் நின்றது ஒரே ஒரு மாடுதானாம். அன்றைக்கு அந்த மனிதருக்கு அவசரமே இல்லை. ஆனாலும் கட்டுவதை வேகமாகவே கட்டினாராம், அவிழ்ப்பதையும் வேகமாகவே அவிழ்த்தாராம்.

அந்தப் பிள்ளை கொண்டுவந்த தகடு இப்போது எங்கள் வகுப்பு அலுமாரியில் இருக்கிறது. துருவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவியபோது இரண்டு துளைகளில் ஆணியின் தலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. தலை தேய்ந்து தகட்டோடு மட்டமாகிவிட்டிருக்கிறது. கழன்று விழுந்த தகடு அல்ல, தேய்ந்து முடிந்தபின் யாரோ கழற்றிப் போட்டது.

அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை, கலகெதர, மாவனல்லை என்று எந்த ஊராக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுப் பழைய சாமான்களுக்குள் இப்படி ஒரு தகடோ, குறடோ, உளியோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தில் லாடம் அடித்தவர், கரத்தை ஓட்டியவர், தவளம் கட்டியவர் யாராவது இருந்தால், உங்கள் அப்பாமாரிடமும் உம்மும்மாமாரிடமும் கேட்டு, விருப்பம் இருந்தால் பெயரோடு எழுதுங்கள். அடுத்த தவணைக்குப் பிள்ளைகள் வகுப்புச் சுவரில் ஒரு பட்டியல் ஒட்டப்போகிறார்கள். பார்ன்ஸும் டோசனும் ஏற்கெனவே ஒட்டியாயிற்று. கீழே இடம் விட்டிருக்கிறோம்.